பெயர்ச்சரத்திலிருந்து பொருள்: தமிழ் வகுப்புப் பெயர்களைக் கொண்டு இயக்க நேரத்தில் பொருள்களை உருவாக்குதல் - செய்யூர் வட்ட நில வகைப்பெயர்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போது தரவில் வரும் ஒரு பெயரைப் படித்து, அப்பெயருக்குரிய வகுப்பைக் கண்டறிந்து, அதிலிருந்து பொருளை உருவாக்கும் முறை இன்றைய நிரலாக்கத்தில் பரவலாக உள்ளது. பாடநூல்கள் இம்முறையை ஆங்கிலப் பெயர்களைக் கொண்டே விளக்குகின்றன. வகுப்புப் பெயர் தமிழில் அமையும்போது அந்நூல்கள் கூறாத சிக்கல் ஒன்று எழுகிறது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் தமிழ்ச்சொல் கணினியின் நினைவகத்தில் இருவேறு குறியெண் வரிசைகளாக இருக்கக்கூடும் என்பதே அது. செய்யூர் வட்டத்தின் நில வகைப்பெயர்களையும், செய்யூர் கந்தசுவாமி கோயிலின் 27 நட்சத்திர வேதாள உருவங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சிக்கலையும் அதற்கான தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வகுப்பு, பொருள், பெயர்ச்சரம், ஒருங்குறி, இயல்பாக்கம், பதிவேட்டு முறை, செய்யூர்

முன்னுரை

தமிழில் கல்வெட்டு, சுவடி, நில ஆவணம், நாட்டார் வழக்காறு எனப் பல துறைகளின் தரவுகள் மின்வடிவம் பெற்று வருகின்றன. இத்தரவுகளைக் கையாளும் நிரல்களில் வகைப்பெயர்கள் தமிழிலேயே இருக்க வேண்டும் என்ற விருப்பம் ஆய்வாளரிடையே இயல்பாக எழுகிறது. இன்றைய நிரல்மொழிகள் பலவும் அதற்கு இடம் தருகின்றன. பைத்தான் மொழி, 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் தமிழ் எழுத்துகளால் ஆன பெயர்களை ஏற்கிறது. ஜாவா, தொடக்கம் முதலே ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்ட மொழி.

எனினும், பெயரை ஏற்பது வேறு. தரவில் வந்த பெயரையும் நிரலில் உள்ள பெயரையும் ஒன்றெனக் காண்பது வேறு. இவ்வேறுபாடு புலப்படும் இடம், பெயரிலிருந்து பொருளை உருவாக்கும் இடமாகும்.

வகுப்பும் பொருளும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் வகுப்பு என்பது ஓர் இனத்தின் வரையறை. அவ்வினத்தைச் சேர்ந்தவை எப்பண்புகளைக் கொண்டிருக்கும், எச்செயல்களைச் செய்யும் என்பதை அது கூறும். பொருள் என்பது அவ்வரையறைப்படி உருவாகும் தனி உறுப்பு.

செய்யூர், 2019 நவம்பரில் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று. இவ்வட்டத்தின் நிலங்களை நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என நான்காகப் பிரித்துக் கணக்கிடும் ஒரு சிறு நிரலைக் கருதலாம். நன்செய்க்கும் புன்செய்க்கும் வெவ்வேறு தீர்வை உண்டு. நத்தம் குடியிருப்புக்கு உரியது. புறம்போக்கு அரசுக்கு உரியது. அதற்குப் பட்டாதாரர் இல்லை. ஏரி, வண்டிப்பாதை, மேய்க்கால் என அதற்கு உட்பிரிவுகளும் உள்ளன. ஒவ்வொன்றும் நிலமே என்றாலும் கணக்கிடும் முறை வேறுபடுகிறது. ஆகவே, 'நிலம்' என்னும் பொது வகுப்பும், அதிலிருந்து மரபுரிமை பெறும் நான்கு உள்வகுப்புகளும் இங்குப் பொருத்தமானவை. ஒரு குறிப்பிட்ட புல எண்ணுக்குரிய நிலத்துண்டு அவ்வகுப்புகளுள் ஒன்றின் பொருளாகும்.

தரவுக்கோப்பின் ஒவ்வொரு வரியிலும் புல எண், பரப்பு, வகைப்பெயர் ஆகியன இருக்கும். வகைப்பெயர் கோப்பில் வெறும் எழுத்துச்சரம் மட்டுமே. அச்சரத்திலிருந்து உரிய வகுப்பை அடைவது எவ்வாறு?

எளிய வழி, 'நன்செய் எனில் இது, புன்செய் எனில் அது' என நிபந்தனைகளை அடுக்குவதாகும். நான்கு வகைகளுக்கு இது போதும். செய்யூர் வட்டத்தின் கடலோரத்தில் உள்ள உப்பளங்களைத் தனிவகையாகச் சேர்க்க வேண்டிவரின், நிபந்தனைகள் உள்ள இடங்களை எல்லாம் தேடித் திருத்த வேண்டியிருக்கும். ஓரிடம் விடுபட்டாலும் கணக்குப் பிழைபடும். பெயரைக் கொண்டே வகுப்பை அடையும் முறை இத்தேவையிலிருந்து எழுந்ததாகும். அம்முறையில் 'உப்பளம்' என்னும் வகுப்பை எழுதினால் போதும்; ஏனைய நிரற்பகுதிகளைத் தொட வேண்டியதில்லை.

நிரல்மொழிகளில் உள்ள வழிகள்

வகுப்பின் பெயர் இயக்க நேரத்தில் எஞ்சியிருக்கிறதா என்பதைப் பொறுத்து நிரல்மொழிகள் வேறுபடுகின்றன.

சி++ மொழியில் தொகுப்பி தன் பணியை முடித்தபின், பெயரைக் கொடுத்து வகுப்பைப் பெறும் வசதி இருப்பதில்லை. அதனால் நிரலாளரே பெயரையும் உருவாக்கும் செயற்கூற்றையும் இணைக்கும் அட்டவணை ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஜாவாவில் வகுப்பைப் பற்றிய விவரங்கள் இயக்க நேரத்திலும் கிடைக்கின்றன. 'ஃபார்நேம்' என்னும் செயல்முறைக்கு வகுப்பின் முழுப்பெயரைச் சரமாகக் கொடுத்தால், அது வகுப்பை ஏற்றித் தரும். பின்னர் அவ்வகுப்பின் ஆக்கியைப் பெற்றுப் பொருளை உருவாக்கலாம். அப்பெயரில் வகுப்பு இல்லையெனில், வகுப்பு காணப்படவில்லை என்னும் விதிவிலக்கு எழும். ஜாவா நிரல்கள் தரவுத்தளங்களோடு தொடர்புகொள்ள, இயக்கி வகுப்பின் பெயரை இவ்வாறு சரமாகக் கொடுத்து ஏற்றுவது நெடுங்கால வழக்கம். 2006இல் வெளிவந்த ஜாவா 6 அத்தேவையைப் பெரும்பாலும் நீக்கியது.

பைத்தானில் வகுப்பும் ஒரு பொருளே. நிரற்கூறு ஒவ்வொன்றும் தன் பெயர்களையும் அவற்றுக்குரிய பொருள்களையும் அகராதி வடிவில் வைத்திருக்கிறது. 'கெட்ஆட்டர்' என்னும் செயற்கூறு, நிரற்கூற்றையும் பெயர்ச்சரத்தையும் பெற்றுக்கொண்டு உரிய வகுப்பைத் தருகிறது. கிடைத்த வகுப்பைச் செயற்கூறு போல அழைத்தால் பொருள் உருவாகிறது.

ரூபியில் பெயரிலிருந்து வகுப்பைப் பெறும் வசதி உண்டு. ஆனால் வகுப்புப் பெயர் பேரெழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அம்மொழியின் விதி. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லாததால் தமிழெழுத்தில் தொடங்கும் சொல்லை ரூபியில் வகுப்புப் பெயராக வைக்க இயலாது.

ஒரு சொல், இரு குறியெண் வரிசைகள்

ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் எழுத்து மெய்யின் குறியெண்ணும் உயிர்க்குறியின் குறியெண்ணும் சேர்ந்து அமைகிறது. 'போ' என்னும் எழுத்தை இருவகையில் எழுதலாம். ஓகாரக்குறிக்கு 3019 என்னும் பதின்மக் குறியெண் தனியே உள்ளது. பகரத்தோடு அதைச் சேர்ப்பது ஒருவகை. ஏகாரக்குறியாகிய 3015, ஆகாரக்குறியாகிய 3006 ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துச் சேர்ப்பது மற்றொருவகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒகரக்குறி (3018), ஔகாரக்குறி (3020), ஔ என்னும் உயிரெழுத்து (2964) ஆகியவற்றுக்கும் இவ்வாறே இணைந்த வடிவமும் பிரிந்த வடிவமும் உள்ளன. தமிழ்ப் பகுதியில் இத்தகைய இரட்டை வடிவம் கொண்டவை இந்நான்கு மட்டுமே.

'புறம்போக்கு' என்னும் சொல் இணைந்த வடிவில் 11 குறியெண்களையும் பிரிந்த வடிவில் 12 குறியெண்களையும் கொண்டது. நன்செய், புன்செய், நத்தம் ஆகிய மூன்றிலும் இந்நான்கு குறிகளுள் எதுவும் இல்லை. ஆகவே, நான்கு வகுப்புகளுள் புறம்போக்கு மட்டுமே இச்சிக்கலுக்கு உள்ளாகும்.

பிரிந்த வடிவம் தரவுக்குள் நுழைவதற்கு ஒரு காரணம் பழைய எழுத்துருக் குறியாக்கங்கள். அவற்றில் 'போ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், அதாவது இரட்டைக்கொம்பு, பகரம், கால் என்ற முறையில் சேமிக்கப்பட்டது. அதை ஒருங்குறிக்கு மாற்றும் கருவி கொம்பைப் பகரத்துக்குப் பின் நகர்த்திவிட்டு நின்றுவிட்டால், ஏகாரக்குறியும் ஆகாரக்குறியும் தனித்தனியே எஞ்சும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 குறியாக்கத்தில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் உண்டு. அங்கு இவ்விரட்டை வடிவம் எழுவதில்லை. ஆயினும், நிரல்மொழிகளும் தரவுத்தளங்களும் ஒருங்குறியையே பின்பற்றுவதால் இச்சிக்கலை ஒருங்குறிக்குள்ளேயே தீர்க்க வேண்டியுள்ளது.

பைத்தானும் ஜாவாவும் நடந்துகொள்ளும் முறை

இரட்டை வடிவங்களை ஒரே வடிவமாக்கும் செயல் இயல்பாக்கம் எனப்படும். ஒருங்குறித் தரம் அதற்கான விதிகளை வகுத்துள்ளது. நிரல்மொழிகள் அவ்விதிகளை ஒரே சீராகப் பின்பற்றுவதில்லை.

பைத்தான், மூல நிரலைப் படிக்கும்போது அதிலுள்ள பெயர்களை எல்லாம் இணைந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஆனால் சரங்களை மாற்றுவதில்லை. 'கெட்ஆட்டர்' பெறுவது சரம் ஆதலால் அதையும் இயல்பாக்குவதில்லை. இதன் விளைவு எதிர்பாராதது. நிரலாளர் 'புறம்போக்கு' என்னும் வகுப்பைப் பிரிந்த வடிவில் எழுதுகிறார். அதே விசைப்பலகையால் தரவுக்கோப்பிலும் பிரிந்த வடிவிலேயே எழுதுகிறார் எனக் கொள்வோம். இரண்டும் குறியெண் அளவில் ஒன்றே. ஆயினும் தேடல் தோல்வியுறும். நிரலில் எழுதிய பெயர் இணைந்த வடிவமாகிவிட்டது. தரவில் உள்ள பெயர் மாறாமல் நிற்கிறது. பைத்தானில் மூல நிரல் எவ்வடிவில் இருந்தாலும், தரவு இணைந்த வடிவில் இருந்தால் மட்டுமே வகுப்பு கிடைக்கும்.

ஜாவா, பெயர்களை இயல்பாக்குவதே இல்லை. ஒரே தோற்றம் கொண்ட பெயர்கள் குறியெண்ணில் வேறுபட்டால் அவை வெவ்வேறு பெயர்களே என்பது அம்மொழியின் வரையறை. ஆகவே, நிரலும் தரவும் ஒரே வடிவில் இருந்தால் தேடல் வெற்றிபெறும், வேறுபட்டால் தோல்வியுறும். ஒரே நிரற்கூற்றில் 'புறம்போக்கு' என்று தோன்றும் இருவேறு வகுப்புகள் இருக்கவும் கூடும்.

பிழை வெளிப்படாமல் மறையும் நிலை

வகுப்பு கிடைக்காதபோது நிரல் நின்றுவிட்டால் பிழை உடனே தெரியவரும். ஆனால் நிரல் நின்றுவிடக் கூடாது என்ற நோக்கில், பெயர் கிடைக்காதபோது பயன்படுத்த ஓர் இயல்பு வகுப்பைக் கொடுத்துவைக்கும் பழக்கம் உண்டு. அறியாத பெயர் எது வந்தாலும் புன்செய் எனக் கொள்ளுமாறு நிரல் எழுதப்பட்டிருப்பதாகக் கருதுவோம். ஒரு கற்பனைச் சிற்றூரின் தரவில் நன்செய் 2 ஹெக்டேர், புன்செய் 3, நத்தம் 1, புறம்போக்கு 4 எனப் பரப்புகள் உள்ளன. புறம்போக்கு பிரிந்த வடிவில் வந்தால், புன்செய் 7 ஹெக்டேர் எனவும் புறம்போக்கு இல்லை எனவும் நிரல் விடை தரும். மொத்தப் பரப்பு இரு நிலையிலும் 10 ஹெக்டேரே. கூட்டுத்தொகையைக் கொண்டு சரிபார்ப்பவருக்குப் பிழை தெரியாது. தரவையும் நிரலையும் கண்ணால் ஒப்பிடுபவருக்கும் தெரியாது. ஊர்ப் பொதுநிலமாகிய ஏரியும் மேய்க்காலும் கணக்கிலிருந்து மறைந்திருக்கும்.

சோதனைத் தரவும் இதை மறைத்துவிடக் கூடும். செங்கல்பட்டு மாவட்டத்தின் வட்டங்கள் செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர், வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என எட்டு. இவற்றுள் இரட்டை வடிவம் பெறக்கூடிய குறி திருப்போரூர் என்னும் பெயரில் மட்டுமே உள்ளது. செய்யூர்ப் பெயரைக் கொண்டு எத்தனை முறை சோதித்தாலும் நிரல் சரியாகவே இயங்கும்.

ஆங்கில எழுத்தில் பெயரிட்டால் இச்சிக்கல் தீரும் என்று கூறப்படுவதுண்டு. செய்யூர் என்னும் பெயரே அக்கருத்தை மறுக்கிறது. உரோமன் எழுத்தில் இப்பெயரின் சகரம் 'சி-எச்' எனவும் 'எஸ்' எனவும் இருவகையாக எழுதப்படுகிறது. அங்கு எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைத் தீர்க்க இயல்பாக்க விதி எதுவும் இல்லை.

இயல்பாக்கத்தால் தீராதவை

இயல்பாக்கம் தேவையானதே என்றாலும் அது மட்டும் போதாது. தமிழில் குறைந்தது மூன்று வகை வேறுபாடுகள் இயல்பாக்கத்துக்குப் பின்னும் எஞ்சுகின்றன.

முதலாவது, தோற்ற ஒப்புமை. 'ஔவை' என்பதன் முதலெழுத்தை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து எழுதும் பழக்கம் உண்டு. ஔகாரத்தின் நீட்டற்குறி 3031, ளகரம் 2995. இயல்பாக்க விதிகள் இவற்றை ஒன்றாக்குவதில்லை. 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தும் 3000 என்னும் குறியெண்ணில் தொடங்கியும், பின்னர்ச் சேர்க்கப்பட்ட 2998 என்னும் குறியெண்ணில் தொடங்கியும் எழுதப்படுகிறது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத குறிகள். எழுத்துகள் கூட்டெழுத்தாகச் சேர்வதைத் தடுக்கும் அகலமற்ற இணைப்பிலிக்குறி, கோப்பின் தொடக்கத்தில் இடம்பெறும் வரிசைக்குறி ஆகியன இயல்பாக்கத்தால் நீங்குவதில்லை.

மூன்றாவது, வழக்கு வேறுபாடு. ஆவணத்தில் நன்செய், புன்செய் என்று எழுதப்படுபவை மக்கள் வழக்கில் நஞ்சை, புஞ்சை எனப்படுகின்றன. கள ஆய்வுத் தரவில் இரண்டும் வரும். இவை பிழைகள் அல்ல. ஒரே இனத்தின் இரு பெயர்கள்.

வெளியிலிருந்து வரும் பெயரை நம்புதல்

பெயரிலிருந்து வகுப்பைப் பெறும் வசதியில் பாதுகாப்பு இடர் ஒன்றும் உண்டு. பயனர் தரும் சரத்தை நேரடியாக வகுப்புப் பெயராகக் கொண்டால், எவ்வகுப்பு உருவாக வேண்டும் என்பதைப் பயனரே தீர்மானிக்கிறார். நில வகுப்பை எதிர்பார்த்த இடத்தில் கோப்புகளை அழிக்கும் வகுப்பின் பெயர் வரக்கூடும். மென்பொருள் பலவீனங்களின் பொதுப் பட்டியலில் இது 470ஆம் எண்ணில் இடம்பெற்றுள்ளது. 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஜே குறைபாடு இதற்கு நெருங்கிய சான்று. நிகழ்வுப்பதிவில் எழுதப்பட்ட ஒரு சரத்தைத் தேடற்குறிப்பாகக் கொண்டு, தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து வகுப்பை ஏற்றிவிடும் நிலை அதில் இருந்தது.

பதிவேட்டு முறை

மேற்கண்ட சிக்கல்கள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. தரவின் பெயரும் நிரலின் பெயரும் தாமாகவே ஒன்று என்று கொள்வதே அவ்வேர். இரண்டையும் வெளிப்படையாக இணைக்கும் பதிவேடு ஒன்றை அமைப்பது தீர்வாகும். அதன் படிகள் பின்வருமாறு:

1. ஏற்கத்தக்க பெயர்களையும் அவற்றுக்குரிய வகுப்புகளையும் ஓர் அகராதி அமைப்பில் பதிவுசெய்தல். நன்செய், நஞ்சை ஆகிய இரு பெயர்களையும் ஒரே வகுப்போடு இணைக்கலாம்.

2. பதிவுசெய்யும்போது ஒவ்வொரு பெயரையும் இணைந்த வடிவத்துக்கு இயல்பாக்குதல். ஓரங்களில் உள்ள வெற்றிடங்களையும் கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் நீக்குதல்.

3. தரவைப் படிக்கும் இடத்திலேயே, ஒரே ஒருமுறை, அதே செயற்கூற்றைக் கொண்டு பெயரை இயல்பாக்குதல். பைத்தானின் நிலையான நூலகத்திலும், ஆறாம் பதிப்பு முதல் ஜாவாவிலும் இதற்கான வசதி உள்ளது.

4. பதிவேட்டில் இல்லாத பெயர் வந்தால் இயல்பு வகுப்பைத் தராமல் நிரலை நிறுத்துதல். அப்பெயரைக் குறியெண்களோடு பிழைச்செய்தியில் காட்டுதல். எழுத்தாக மட்டும் காட்டினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

இம்முறையில் பயனர் தரும் சரம் பதிவேட்டைத் தாண்டிச் செல்வதில்லை; ஆதலால் பாதுகாப்பு இடரும் நீங்குகிறது. வகுப்பு தன்னை வரையறுக்கும் இடத்திலேயே தன்னைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுமாறு அமைத்தால், 'உப்பளம்' போன்ற புதிய வகுப்பைச் சேர்க்கும் எளிமையும் குன்றுவதில்லை. ரூபி, சி++ போன்ற மொழிகளிலும் இதே முறை பொருந்தும். வகுப்பின் பெயர் எவ்வெழுத்தில் இருப்பினும் தரவின் பெயர் தமிழிலேயே இருக்கலாம்.

எது வகுப்பு, எது பொருள்

பெயரிலிருந்து வகுப்பை அடையும் வசதி கிடைத்தவுடன் ஒவ்வொரு பெயரையும் வகுப்பாக்கும் ஆர்வம் எழுவதுண்டு. செய்யூர் கந்தசுவாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் உரியனவாக 27 வேதாள உருவங்கள் உள்ளன. இவற்றை ஆவணப்படுத்தும் நிரலில் 27 வகுப்புகள் தேவையா?

உருவங்கள் ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம், அமைவிடம், அளவு, ஒளிப்படம் ஆகிய பண்புகள் இருக்கும். பண்புகளின் மதிப்புகள் வேறுபடுகின்றனவே தவிர, நிரல் அவற்றைக் கையாளும் முறை வேறுபடவில்லை. ஆகவே 'நட்சத்திர வேதாளம்' என்னும் ஒரு வகுப்பும் அதன் 27 பொருள்களுமே பொருத்தமானவை. நில வகைகளில் கணக்கிடும் முறையே வேறுபட்டதால் வகுப்புகள் தேவைப்பட்டன. செயல் வேறுபட்டால் வகுப்பு, மதிப்பு மட்டும் வேறுபட்டால் பொருள் என்பதை இங்கு அளவுகோலாகக் கொள்ளலாம்.

பெயர்ச்சிக்கல் இங்கும் நீங்கவில்லை. நட்சத்திரப் பெயரைக் கொண்டு உருவத்தைத் தேடும்போது, 27 பெயர்களுள் ரோகிணி, திருவோணம் ஆகிய இரண்டு மட்டும் ஓகாரக்குறியால் இரட்டை வடிவம் பெறக்கூடியவை. ஏனைய 25 பெயர்களுக்கும் சரியாக விடை தரும் நிரல், இவ்விரண்டுக்கும் 'உருவம் இல்லை' என்று கூறக்கூடும். கார்த்திகை - கிருத்திகை, அஸ்தம் - ஹஸ்தம் போன்ற வழக்கு வேறுபாடுகளும் உண்டு. வகுப்புகளுக்காக அமைத்த பதிவேட்டு முறை பொருள்களைத் தேடுவதற்கும் அவ்வாறே பயன்படும்.

முடிவுரை

பெயரிலிருந்து பொருளை உருவாக்கும் முறை, நிரலைத் திருத்தாமல் புதிய இனங்களைச் சேர்க்க வழிவகுக்கிறது. தமிழ்ப் பெயர்களில் அம்முறையைக் கையாளும்போது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் ஔ என்னும் உயிரும் இரட்டை வடிவம் பெறுவதை நினைவில் கொள்ள வேண்டும். பைத்தான் மூல நிரலின் பெயர்களை மட்டும் இயல்பாக்குவதும், ஜாவா எதையும் இயல்பாக்காததும் ஒரே தரவுக்கு இருவேறு விளைவுகளைத் தருகின்றன. தரவு நுழையும் இடத்தில் இயல்பாக்கம், வெளிப்படையான பதிவேடு, அறியாத பெயரை ஏற்காமை ஆகிய மூன்றும் சேர்ந்தே இச்சிக்கலைத் தீர்க்கும். தமிழ்த் தரவுகளைக் கையாளும் எந்நிரலையும் ஏற்கும் முன், புறம்போக்கு, திருப்போரூர், ரோகிணி, திருவோணம் போன்ற சொற்களை இரு வடிவங்களிலும் கொடுத்துச் சோதிப்பது ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க எளிய நடைமுறையாகும்.